தித்திப்பின் பின்னே

போடிநாயக்கனூரில் ஏலக்காய் விற்பனையைக் கண்டவர்கள் ஒரு வழக்கத்தைக் கவனித்திருப்பார்கள். மலையிலிருந்து எத்தனை மூட்டை வந்தாலும், ஒவ்வொரு குவியலிலிருந்தும் மாதிரி எடுத்து வணிகர் கையில் கொடுக்கப்படும். அவர் பருமனையும் பச்சை நிறத்தையும் பார்த்து, முகர்ந்த பின்னரே விலை கூறுவார். மூட்டையின் மேலுள்ள சீட்டை மட்டும் நம்பி அவர் வாங்குவதில்லை. குழந்தைகளின் இருமல் மருந்தைப் பற்றிப் பேச வந்த எனக்கு இவ்வழக்கம் நினைவுக்கு வருவதற்குக் காரணம் உண்டு.

மருந்துக்கும் ஏலத்துக்கும் பழைய உறவு இருக்கிறது. ஆங்கில மருந்து நூல்கள் கூறிய ஏலக்காய்ச் சாறு, கசப்பான மருந்துகளுக்கு மணமூட்டப் பயன்பட்டது. அதில் இலவங்கப்பட்டையும், சிவப்பு நிறத்துக்கு ஒரு பூச்சியின் சாயமும், இனிப்புக்குக் கிளிசரினும் சேர்ந்தன. தித்தித்தால்தானே பிள்ளை விழுங்கும்? இந்தக் கிளிசரினில்தான் நம் கதை தொடங்குகிறது.

கிளிசரினைப் போலவே தெளிவாய், குழைவாய், இனிப்பாய் இருக்கும் வேறொரு திரவம் உண்டு. டைஎத்திலீன் கிளைக்கால் என்பது அதன் பெயர். தொழிற்சாலைகளில் பயன்படும் மலிவான பொருள். உட்கொண்டால் சிறுநீரகத்தைச் சிதைத்துவிடும். நாவினால் இரண்டையும் வேறுபடுத்தி அறிய இயலாது.

1937-இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம், சல்பனிலமைடு என்னும் மருந்தை இத்திரவத்தில் கரைத்துப் பழச்சுவை சேர்த்து விற்றது. சுவையையும் நிறத்தையும் மணத்தையும் சோதித்தார்கள். நஞ்சா என்று மட்டும் சோதிக்கவில்லை. அப்படிச் சோதிக்கும்படி அன்று சட்டமும் கட்டளையிடவில்லை. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் முப்பதுக்கு மேற்பட்டோர் குழந்தைகள். அந்நிறுவனத்தின்மீது சுமத்த முடிந்த குற்றம் என்ன தெரியுமா? 'எலிக்சிர்' என்று பெயரிட்டும் அதில் சாராயம் இல்லை என்பதே! மறு ஆண்டு, 1938-இல், மருந்தைச் சந்தைக்கு அனுப்புமுன் அதன் பாதுகாப்பைக் காட்ட வேண்டும் என்று புதுச் சட்டம் பிறந்தது. நம் நாட்டின் மருந்துச் சட்டம் 1940-இல் வந்தது.

சட்டம் வந்தும் நஞ்சு நிற்கவில்லை. 1972-இல் சென்னையிலேயே குழந்தைகள் பலர் இதே நஞ்சுக்கு இரையாயினர். 1986-இல் பம்பாய் ஜே. ஜே. மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் கொடுத்த கிளிசரினில் இது கலந்திருந்தது. பதினான்கு உயிர்கள் போயின. நீதிபதி லெண்டின் அதனை விசாரித்தார். 1998-இல் குர்கானைச் சுற்றி, இருமல் மருந்து அருந்திய குழந்தைகள் முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். 2022-இல், இந்தியாவில் செய்த இருமல் மருந்துகளோடு தொடர்புபடுத்தப்பட்ட மரணங்கள் காம்பியா நாட்டைக் கலங்கச் செய்தன.

2025-இல் துயரம் நம் வீட்டு வாசலிலிருந்தே புறப்பட்டது. மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்தில் மாண்ட குழந்தைகள் அருந்திய 'கோல்ட்ரிஃப்' மருந்து, காஞ்சிபுரம் மாவட்டத்தில் செய்யப்பட்டது. தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது, அதில் நூற்றுக்கு 48.6 பங்கு இந்நஞ்சு இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவோ நூற்றுக்கு 0.1 பங்கு. இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்த பின்னரே உற்பத்தியாளரின் உரிமம் ரத்தாயிற்று. கொள்முதலாகும் ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் மாதிரி எடுத்துச் சோதிப்பது அரிய வித்தை அன்று. சிறு ஆய்வுக்கூடத்திலும் செய்யலாம். ஏலக்காய்க்கு நாம் காட்டும் கவனத்தைக் குழந்தையின் மருந்துக்குக் காட்டவில்லை!

அவ்வாண்டு அக்டோபரில் மத்திய அரசு, இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதவேண்டாம் என்றும், ஐந்து வயதுக்கு உட்பட்டோருக்கு அவை பொதுவாகத் தேவையில்லை என்றும் மருத்துவருக்கு அறிவித்தது. குழந்தையின் இருமல் பெரும்பாலும் தானே அடங்கும். போடிமெட்டுச் சரிவில் பனியிறங்கும் மாதங்களில், தோட்டத்து வீடுகளில் வெந்நீரும், ஓராண்டு கடந்த பிள்ளைக்குச் சிறிது தேனும் போதும். மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் நீடித்தாலோ மருத்துவரிடம் செல்ல வேண்டும். மருந்து அருந்திய பின் வாந்தி கண்டு, சிறுநீர் குறைந்தால் பொழுது விடியக் காத்திருக்கலாகாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கும்போது, எஞ்சிய மருந்துப் புட்டியையும் எடுத்துச் செல்லுங்கள். அதைக் கண்டுதான் மருத்துவர் காரணத்தை ஊகிக்க முடியும்.