தனிக் கும்பா

கரிவலம்வந்தநல்லூரில் எங்கள் ஆச்சி வீட்டு அடுக்களைப் பரணில் ஒரு வெண்கலக் கும்பா கவிழ்ந்து கிடக்கும். மற்ற பாத்திரங்களோடு அதைச் சேர்க்க மாட்டார்கள். சின்னப் பையனாக இருந்தபோது ஒருநாள் விளையாட எடுத்துவிட்டேன். ஆச்சி பதறிப்போனாள். “அதத் தொடாதல, அது தாத்தா சாப்பிட்ட கும்பா.” தாத்தா இறந்து அப்போதே பதினைந்து வருடம் தாண்டியிருந்தது.

தாத்தா சங்கரன்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவர். அறுபதுகளின் நடுவில் அவருக்குச் சயம் வந்தது. எலும்புருக்கி என்றும் சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் ஊசியும் மாத்திரையும் கொடுத்தார்கள். வீட்டில் தனிப் பாய், தனிச் செம்பு, தனிக் கும்பா. படுக்கை திண்ணையில். மூன்று நான்கு மாதத்தில் இருமல் நின்று உடம்பு தேறியது. மருந்தை விட்டுவிட்டுக் கடைக்குப் போக ஆரம்பித்தார். அடுத்த வருடமே நோய் திரும்ப வந்தது. இந்தத் தடவை மருந்து கேட்கவில்லை.

“ஏன் ஆச்சி மருந்த நிப்பாட்டுனாக?” என்று பெரியவனான பிறகு கேட்டேன். “மருந்து திங்கிற வரைக்கும் சீக்காளிதான? நிப்பாட்டுனாத்தான உள்ள வந்து எல்லார் கூடயும் உக்காந்து சாப்பிட முடியும்” என்றாள்.

அந்தப் பதிலைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு கிருமியின் வரலாற்றைப் படிக்கவேண்டியிருந்தது.

1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் காக், காசநோயை உண்டாக்குவது ஒரு நுண்ணுயிர் என்று அறிவித்தார். அதுவரை அது பரம்பரை வியாதி என்றுதான் ஐரோப்பாவிலேயே பலர் நம்பினார்கள். ஒரே வீட்டில் அடுத்தடுத்து ஆட்கள் போனால் வேறென்ன நினைப்பார்கள்? காக் கண்டது மெல்லிய குச்சி போன்ற பாக்டீரியா. அதன் மேல் மெழுகு பூசியது போன்ற தடித்த உறை. சாயம்கூட எளிதில் ஏறாது. எனவேதான் அது அத்தனை காலம் கண்ணுக்குத் தப்பியது.

அது சோம்பேறியும்கூட. நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா நல்ல சூழலில் இருபது நிமிடத்தில் இரண்டாகும். காசநோய்க் கிருமிக்கு ஏறத்தாழ ஒரு நாள் வேண்டும். பல மருந்துகள் கிருமி வளரும்போதுதான் அதைத் தாக்கும். தூங்கும் கிருமி தப்பித்துவிடும். காசநோய்க்கு மாதக்கணக்கில் மருந்து சாப்பிடவேண்டியிருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

பரவுவது காற்றில். நுரையீரலில் நோயுள்ளவர் இருமும்போதும் பேசும்போதும் வெளிவரும் துளிகளில் சில காய்ந்து மிகச் சிறியதாகி, மூடிய அறையின் காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். அதை மூச்சில் இழுப்பவரின் நுரையீரலுக்குள் கிருமி போய்ச் சேரும். வெயில் பட்டால் சாகும், காற்றோட்டம் இருந்தால் கலைந்துபோகும். தட்டு, தம்ளர், துணி வழியாக இது பரவுவதில்லை. அதாவது, தாத்தாவைத் திண்ணையில் படுக்கவைத்தது ஓரளவு சரி. கும்பாவை ஒதுக்கியதில் அர்த்தமே இல்லை.

கிருமி உள்ளே போனால் என்ன ஆகிறது? நுரையீரலின் காற்றறைகளில் விழுங்கு செல்கள் காவல் இருக்கின்றன. அந்நியமாக எது வந்தாலும் அப்படியே விழுங்கி, அமிலத்தாலும் நொதிகளாலும் கரைத்துவிடுவது அவற்றின் வேலை. காசநோய்க் கிருமியையும் விழுங்குகின்றன. ஆனால் கரைக்கும் வேலை நடக்காமல் கிருமி உள்ளிருந்தே தடுத்துவிடுகிறது. லாக்கப்பில் அடைத்த திருடன் ஸ்டேஷனையே வீடாக்கிக்கொண்ட கதைதான். சில வாரங்களில் உடம்பு டி செல்களை அனுப்புகிறது. அவை விழுங்கு செல்களை உசுப்பிவிடுகின்றன. எல்லாம் சேர்ந்து கிருமிகளைச் சுற்றி ஒரு கோட்டை கட்டுகின்றன. பெரும்பாலானோருக்குக் கதை அங்கேயே முடிந்துவிடும். கிருமி தொற்றியவர்களில் ஐந்து முதல் பத்து சதவீதம் பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது நோய் வரும். சர்க்கரை வியாதி, எச்.ஐ.வி., எல்லாவற்றுக்கும் மேலாக அரைவயிறு. இவை கோட்டைச் சுவரை உள்ளிருந்தே இடிப்பவை.

மருந்து இல்லாத காலத்தில் உடம்பின் இந்தக் கோட்டையை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே ஓய்வு, நல்ல காற்று, முட்டை, பால். இதற்காகவே சானடோரியங்கள் எழுந்தன. மதனப்பள்ளியில் 1915இல் ஒன்று வந்தது. தாம்பரத்தில் 1928இல் டாக்டர் சௌரிமுத்து தொடங்கியது இன்றும் ரயில் நிலையத்தின் பெயரில் இருக்கிறது. படுக்கை கிடைத்தவர்களிலும் எல்லோரும் பிழைக்கவில்லை. படுக்கையே கிடைக்காதவர்கள்தான் ஏராளம். திருநெல்வேலிக்காரர்களுக்கு இந்த நோய் என்றதும் நினைவுக்கு வருவது புதுமைப்பித்தன். 1948இல், 42 வயதில், திருவனந்தபுரத்தில் இறந்தார்.

அதே 1948இல் லண்டனிலிருந்து ஒரு ஆய்வு முடிவு வெளியானது. அதில் சோதிக்கப்பட்ட மருந்தின் பெயர் ஸ்ட்ரெப்டோமைசின். மண்ணிலிருந்து வந்த மருந்து. 1943இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், செல்மன் வாக்ஸ்மனின் மாணவர் ஆல்பர்ட் ஷாட்ஸ், 23 வயதுப் பையன், எருப்போட்ட வயல் மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து பிரித்தெடுத்தார். காசநோய்க் கிருமியைக் கண்டு மற்றவர்கள் அஞ்சியதால் அவர் வேலை செய்தது அடித்தள அறையில். 1952இல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும் போனது.

சங்கரன்கோவிலில் புற்றுமண்தான் பிரசாதம். தோல் வியாதிக்குப் பூசுவார்கள், கொஞ்சம் வாயிலும் போடுவார்கள். தாத்தாவுக்கும் ஆச்சி அதைக் கரைத்துக் கொடுத்திருக்கிறாள். மண்ணிலிருந்துதானே ஸ்ட்ரெப்டோமைசினும் வந்தது என்று இரண்டையும் முடிச்சுப்போட ஆசையாக இருக்கும். எனக்கும் இருந்தது. ஆனால் ஒரு பிடி மண்ணில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் உண்டு. அதில் எது, எந்தக் கிருமியை, எந்த அளவில் கொல்லும் என்று சலித்துப் பார்ப்பதுதான் அறிவியல். ஆச்சி கொடுத்தது நம்பிக்கை. ஆஸ்பத்திரி ஊசியில் இருந்தது சலித்தெடுத்த மண்.

அந்த லண்டன் ஆய்வில் ஒரு பாடம் ஒளிந்திருந்தது. 107 நோயாளிகள். ஸ்ட்ரெப்டோமைசின் பெற்ற 55 பேரில் ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் 4 பேர். வெறும் படுக்கை ஓய்வில் இருந்த 52 பேரில் 14 பேர். அற்புதம் என்றுதான் தோன்றும். ஆனால் ஐந்து ஆண்டு முடிவில் முதல் கூட்டத்தில் 32 பேரும் இரண்டாவதில் 35 பேரும் இறந்திருந்தார்கள். மருந்து தோற்றது எப்படி?

கணக்கு எளிது. ஒரு நோயாளியின் நுரையீரல் குழியில் கோடிக்கணக்கான கிருமிகள். ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒன்று, பிறக்கும்போதே ஒரு மருந்துக்கு அடங்காததாகப் பிறக்கும். ஒற்றை மருந்து கொடுத்தால் மற்றதெல்லாம் செத்து, அடங்காதது மட்டும் பெருகும். இரண்டு மருந்து சேர்த்துக் கொடுத்தால், இரண்டுக்கும் அடங்காத கிருமி இருக்கும் வாய்ப்பு லட்சம் கோடியில் ஒன்று. ஆகவே கூட்டு மருந்து. அதுவும் இடைவிடாமல், முழுக்காலமும். பாதியில் விட்டால் மிச்சமிருப்பவை மறுபடி பெருகும். விட்டும் தொட்டும் சாப்பிட்டால் அடங்காதவையே தேறும். தாத்தா கணக்கெழுதியவர். யாராவது இந்தக் கணக்கைச் சொல்லியிருந்தால் புரிந்துகொண்டிருப்பார்.

இந்தியாவின் கேள்வி வேறு. லட்சக்கணக்கான நோயாளிகளுக்குப் படுக்கைக்கு எங்கே போவது? 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து நடத்தின. தலைமை டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ். நகரின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில்: படுக்கை, ஓய்வு, சத்தான சாப்பாடு. மறு பாதி தங்கள் நெரிசலான வீடுகளிலேயே: வாரம் ஒருமுறை மையத்துக்கு வந்து மருந்து வாங்கிப் போகவேண்டும். இரு பக்கமும் ஐசோனியாசிடும் பி.ஏ.எஸ்ஸும் ஒரு வருடம். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து உண்மையிலேயே சாப்பிட்டார்களா என்று பார்த்தார்கள்.

1959இல் முடிவு வந்தது. சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது, வீட்டில் 86 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை. இவ்வளவுக்கும் வீட்டில் இருந்தவர்கள் குறைவாகத்தான் சாப்பிட்டார்கள், அதிகம் உழைத்தார்கள். இன்னும் முக்கியமானது அடுத்த கேள்வி: வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்குத் தொற்றியதா? ஐந்து ஆண்டு கண்காணித்தார்கள். சானடோரியம் போனவர்களின் குடும்பங்களைவிட இவர்கள் குடும்பத்தில் அதிக நோய் வரவில்லை. காரணம், தொற்றில் பெரும்பகுதி நோய் கண்டுபிடிக்கப்படும் முன்பே நடந்துவிடுகிறது. சரியான மருந்து தொடங்கிவிட்டால் பெரும்பாலும் சில வாரங்களிலேயே பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும்.

உலகமெங்கும் சானடோரியங்கள் காலியாக இந்த முடிவும் ஒரு பெரிய காரணம். அந்த மையம்தான் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். பிறகு ரிஃபாம்பிசின் வந்தது. அதன் மூலமும் மண்தான், 1957இல் பிரான்சில் எடுத்த மண். சிகிச்சை ஆறு மாதமாகச் சுருங்கியது.

ஆனால் இதிலிருந்து ‘சாப்பாடு முக்கியமில்லை’ என்று எடுத்துக்கொண்டால் தப்பு. மருந்து வேலை செய்ய நல்ல சாப்பாட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பதே சென்னை ஆய்வு சொன்னது. யாருக்கு நோய் வரும் என்பது வேறு விஷயம். 2023இல் வெளியான ஜார்க்கண்ட் ஆய்வு, சேத்துப்பட்டு நிறுவனமும் பங்கெடுத்தது, நோயாளியின் குடும்பத்தாருக்குக் கூடுதல் உணவு கொடுத்தபோது அவர்களுக்குக் காசநோய் வருவது சுமார் 39 சதவீதம் குறைந்ததாகக் கண்டது. கோட்டைக்குச் செங்கல் சோறுதான்.

சேத்துப்பட்டிலிருந்து எங்கள் ஊர் ஏறத்தாழ 600 கிலோமீட்டர். 1959இல் அங்கே நிரூபிக்கப்பட்டது அறுபதுகளின் நடுவில் எங்கள் திண்ணைக்கு வந்துசேரவில்லை. மருந்து வந்தது, அதன் கூடவே வரவேண்டிய இரண்டு வாக்கியங்கள் வரவில்லை: ‘இருமல் நின்றாலும் நிறுத்தாதே.’ ‘கொஞ்ச நாளில் உள்ளே வந்து உட்கார்ந்து சாப்பிடலாம்.’ இரண்டாவது தெரிந்திருந்தால் முதலாவதை அவர் மீறியிருக்க மாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கும்பாவில் கிருமி இல்லை. ஆனாலும் அவரை அந்தக் கும்பாவும் சேர்ந்துதான் கொன்றது.

ஆச்சி போன பிறகு பாத்திரங்களைப் பங்கு வைத்தபோது அதை யாரும் கேட்கவில்லை. புளி போட்டுத் தேய்த்து எடுத்துவந்தேன். வீட்டில் எல்லாப் பாத்திரங்களோடும்தான் இருக்கிறது. என் மகள் அதில்தான் பழையது சாப்பிடுகிறாள்.