விளையாட்டுக் கணினியில் ரேம்: அளவும் வேகமும்

ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் தமக்கு உடனடியாக வேண்டிய தரவை வைத்துக்கொள்ளும் தற்காலிக நினைவகமே ரேம். கேம் ஆடக் கணினி வாங்குபவர்கள், இருக்கிற பணத்தில் ஜிபியைக் கூட்டுவதா, மெகாஹெர்ட்ஸைக் கூட்டுவதா என்று தயங்குவார்கள். முதலில் பார்க்க வேண்டியது அளவுதான். அது போதாதபோது எந்த வேகமும் கைகொடுக்காது. போதுமான அளவு வந்துவிட்டால், அதற்கு மேல் சேரும் ஜிபியால் ஆட்டத்துக்கு எந்தப் பலனும் இல்லை.

போதாமை எப்படியிருக்கும் என்பது தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கே தெரியும். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், அறந்தாங்கி போன்ற ஊர்களின் அரசுப் பள்ளி மாணவர்கள் பலருக்கு முதல் சொந்தக் கணினியைத் தந்தது. தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் இருந்தது 2 ஜிபி ரேம். ரேம் நிறைந்ததும் விண்டோஸ், மிஞ்சும் தரவை ஹார்டு டிஸ்குக்குத் தள்ளும். ரேமிலிருந்து எடுக்க ஏறத்தாழ 100 நானோநொடி ஆகிறதென்றால், சுழலும் டிஸ்கிலிருந்து எடுக்க 10 மில்லிநொடி வரை ஆகும். அதாவது லட்சம் மடங்கு. ஆட்டத்தின் நடுவே திரை உறைந்து நிற்பது இதனால்தான். எஸ்எஸ்டி இருந்தால் தடங்கல் குறையும், ஆனால் தீராது.

கேம்களின் தேவையும் ஏறிக்கொண்டே வருகிறது. 2015-ல் கணினிக்கு வந்த ஜிடிஏ 5, குறைந்தபட்சம் 4 ஜிபியும் பரிந்துரையாக 8 ஜிபியும் கேட்டது. 2020-ல் 8 ஜிபியில் ஓடும் என்ற சைபர்பங்க் 2077, 2023-ல் குறைந்தபட்சத்தை 12 ஜிபியாகவும் பரிந்துரையை 16 ஜிபியாகவும் உயர்த்தியது. ஆகவே இன்று 16 ஜிபிக்குக் கீழே இறங்கி வேகம் தேடுவது வீண். ஆடிக்கொண்டே நேரலை செய்பவர்களுக்கு 32 ஜிபி நல்லது.

வேகத்தில் மெகாஹெர்ட்ஸ் பாதிக் கணக்குதான். தரவைக் கேட்டபின் ரேம் எத்தனை சுழற்சி காத்திருக்க வைக்கிறது என்பதைச் சொல்லும் சிஎல் எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிஎல்லை 2000-ஆல் பெருக்கி, வேகத்தால் வகுத்தால் தாமதம் நானோநொடியில் கிடைக்கும். முந்தைய தலைமுறை ரேமான டிடிஆர்4 3200 சிஎல்16-க்கும் புதிய தலைமுறை டிடிஆர்5 6000 சிஎல்30-க்கும் விடை 10 தான். அதே 3200 சிஎல்22 ஆனால் 13.75. டிடிஆர்5-இன் உண்மையான லாபம், ஒரே நேரத்தில் அதிகத் தரவைக் கடத்துவதில் இருக்கிறது.

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் ரைசன் 5 5600ஜி போன்ற சிப்பில் ஆடுபவர்களுக்கு வேகம் மிக முக்கியம். அதன் கிராபிக்ஸ் பகுதிக்கும் இதே ரேம்தான் தீனி. இங்கே ஒற்றை 16 ஜிபி ஸ்டிக்கை வாங்கவே கூடாது. ஒரே ஸ்டிக் என்றால் டிடிஆர்4 3200 ஒற்றைச் சேனலில் நொடிக்கு 25.6 ஜிபி கடத்தும். இரண்டு 8 ஜிபி ஸ்டிக்குகள் என்றால் இரட்டைச் சேனலில் 51.2. நல்ல கார்டு வைத்து 4கே-யில் ஆடுபவர்களுக்கு ரேம் வேகத்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. 1080பி-யில் வேலரன்ட் போன்றவற்றை மிக அதிக ஃபிரேமில் ஆடும்போது பிராசஸரே எல்லையாகிவிடுவதால், வேகமான ரேம் உதவும்.

காசு கொடுத்து வாங்கிய வேகம் தானாக வருவதில்லை. ரேமை அதன் அறிவித்த வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பைப் பயாஸில் இயக்காவிட்டால், 3600 ஸ்டிக் 2133-லேயே ஓடிக்கொண்டிருக்கலாம். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் உண்மை வேகம் தெரியும். இரட்டைச் சேனல் கிடைக்க, நான்கு ஸ்லாட் உள்ள போர்டுகள் பெரும்பாலானவற்றில் இரண்டு ஸ்டிக்குகளை, பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும்.

2025 இறுதியில், செயற்கை நுண்ணறிவு மையங்களுக்கான தேவையால் ரேம் விலை கடுமையாக ஏறியது. அதற்காக இப்போது ஒன்று, பிறகு ஒன்று என்று டிடிஆர்5-ஐச் சேர்த்து நான்கு ஸ்டிக் ஆக்குவதில் ஒரு சிக்கல் உண்டு: ரைசன் 7000 வரிசையில் இரண்டு ஸ்டிக்குக்கு ஏஎம்டி உறுதியளிக்கும் வேகம் 5200, நான்குக்கு 3600 மட்டுமே.