ருவாண்டாவின் அரசமுரசு

கின்யருவாண்டா மொழியில் ‘இங்கோமா’ என்னுஞ் சொல் முரசையுங் குறிக்கும், அரசையுங் குறிக்கும். பழைய ருவாண்டாவில் முரசை இழந்த மன்னன் நாட்டையும் இழந்தவனாகவே கருதப்பட்டான். இந்தாகிரோ சியாமத்தாரே என்னும் மன்னன் பகைவராற் கொல்லப்பட்டு, ‘ருவோகா’ என்னுங் குலமுரசும் அவர்கள் கைப்பட்டபோது அரசுரிமையே அற்றுப்போயிற்றென வாய்மொழி மரபு கூறும். அவன் மகன் ருகன்சு இந்தோரி நாட்டை மீட்டபின் நிறுவப்பட்ட புதிய முரசே ‘கலிங்கா’ ஆகும். (பெயரொலி பாரதத்துக் கலிங்கத்தை நினைவூட்டினும் இரண்டிற்குந் தொடர்பில்லை.)

கலிங்காவிற்கு எருதின் குருதி பூசப்பட்டது. வெல்லப்பட்ட மன்னரின் உடலுறுப்புகள் அதிற் தொங்கவிடப்பட்டன. அரசகுலம் துட்சி வகுப்பைச் சார்ந்தது. வெல்லப்பட்ட குறுநில மன்னருட் ஹுட்டு வகுப்பினரும் இருந்தனர். ஆகவே அம்முரசைக் கலைப்பொருளென வியந்து நின்றுவிடுதல் பொருந்தாது. தம் முன்னோரின் தோல்வியை அதிற் கண்டோரும் அந்நாட்டில் வாழ்ந்தனர்.

முரசைச் சார்ந்த சடங்குநெறி ‘உபுவிரு’ எனப்பட்டது. ‘வழிகள்’ எனப்பட்ட 18 பகுதிகளைக் கொண்ட அந்நெடும் பாடத்தை ‘அபிரு’ என்னும் அரண்மனைச் சடங்கறிஞர் எழுத்தின் துணையின்றி நெஞ்சிற் பேணினர். மழை வேண்டல், ‘உமுகனூரா’ என்னும் முதல் விளைச்சல் விழா, அரியணையேற்றம் ஆகியன அதில் வகுக்கப்பட்டிருந்தன. அடுத்த மன்னன் யாரென அறிவிக்கும் உரிமையும் அபிருவுக்கே இருந்தது.

பெல்ஜிய ஆட்சியினர் இதனை நன்குணர்ந்திருந்தனர் போலும். 1925 இல் அபிருவின் தலைவர் கஷாமுரா புருண்டிக்கு நாடுகடத்தப்பட்டார், உமுகனூராவும் நிறுத்தப்பட்டது. 1931 இல் மன்னர் மூசிங்காவை நீக்கி, அவர் மகன் ருதாகிக்வாவை அபிருவின் சடங்கின்றியே அரியணையேற்றினர். முரசு இருந்தது, அதனை அறிந்தோர் ஒதுக்கப்பட்டனர்.

எனினும் நெறி மறக்கப்படவில்லை. ருதாகிக்வாவின் இசைவுடன், கத்தோலிக்கக் குருவும் வரலாற்றாசிரியருமான அலெக்சி ககாமே அதனை எழுத்திற் பதிவுசெய்தார். 1959 யூலையில் மன்னர் திடீரென இறந்தார். முவிமாவில் நடைபெற்ற அடக்கத்தின்போது, மூன்று தசாப்தங்களுக்கு மேலாக ஒதுக்கப்பட்டிருந்த அபிரு, பெல்ஜிய ஆளுநரின் முன்னிலையிலேயே, இறந்தவரின் மாற்றாந்தாய் வயிற்றுச் சகோதரரான இந்தகிண்டுர்வாவை மன்னரென அறிவித்தனர். ஆட்சியாளர் எதிர்பார்த்திராத செயல் அது.

அவ்வெற்றி நீடிக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரிற் கலவரம் மூண்டது. கலிங்கா ஒழியவேண்டுமென்பது ஹுட்டு அரசியற் தலைவர் சிலரின் கோரிக்கையாயிருந்தது. 1961 இல் முடியாட்சி ஒழிந்தது, கலிங்காவும் மறைந்தது. 1964 இல் 17 வழிகளின் பாடம் நூலாக வெளிவந்தபோது அதனை நிகழ்த்துதற்கு மன்னனுமில்லை, முரசுமில்லை.

பழைய வழக்கிற் பெண்கள் முரசைத் தொடலாகாது. 1994 இல் துட்சி மக்களுக்கெதிராக நிகழ்ந்த இனப்படுகொலைக்குப் பத்தாண்டுகளின் பின், 2004 இல், நாடகாசிரியை ஒடில் ககிரே கட்டேசே புட்டாரே நகரிற் பெண்களின் முரசுக் குழுவொன்றை அமைத்தார். உறவினரைப் பறிகொடுத்தோரும் கொலைபுரிந்தோரின் குடும்பத்தாரும் அதில் ஒருங்கே முழக்கினர். குழுவின் பெயர் ‘இங்கோமா இன்ஷா’. புதிய முரசு என்பது பொருள். புதிய அரசு எனினும் அமையும்.