புலிக் குப்பியும் வெடிமருந்துத் தலைவலியும்

"ரங்கூன் சீனாக்காரன் மருந்து ஒரு பொட்டு வச்சாப் போதும், ஒத்தத் தலைவலி எறங்கிடும்." கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் பக்கத்து லைன் வீடுகளில், வயதானவர்கள் சிலர் ஏறக்குறைய இதே வார்த்தைகளில் சொன்னார்கள். அந்தப் பேச்சை நம்பி நான் தேடத் தொடங்கியது ஒரு சீன வைத்தியரை. தங்கவயலில் அப்படி ஒருவர் இருந்திருக்கக்கூடாதா என்ன? 1880இல் தங்கச் சுரங்கம் நடத்த ஜான் டெய்லர் கம்பெனி வந்தபிறகு, கார்ன்வால்காரர் முதல் இத்தாலியர்வரை யார் யாரோ பிழைக்க வந்த ஊர் அது. ஆனால் சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கத்துத் தமிழர்கள்.

துப்பு கிடைத்தது ஆவணக்காப்பகத்தில் அல்ல, ஆண்டர்சன்பேட்டையில் ஒரு வீட்டு டிரங்குப் பெட்டியில். பழைய பிராவிடண்ட் பண்டு காகிதங்களுக்கும் ஒரு கல்யாணப் பத்திரிகைக்கும் நடுவே, அறுகோண வடிவில் சின்னக் கண்ணாடிக் குப்பி. மூடியில் துரு. லேபிளில் பாயும் புலி, சுற்றிலும் சீன எழுத்து, கீழே சிங்கப்பூர் என்று ஆங்கிலத்தில். உள்ளே மஞ்சளாகக் காய்ந்துபோன ஏதோ ஒன்று. மோந்து பார்த்தால் லேசாகக் கற்பூர வாசம்.

அந்த ஊர்ப் பெயர்தான் முடிச்சை அவிழ்த்தது. சீனாவின் ஃபூஜியன் பகுதியிலிருந்து பர்மாவுக்கு வந்த ஆவ் சூ கின் என்ற மூலிகை வைத்தியர், ரங்கூனில் எங் ஆன் தோங் என்ற மருந்துக்கடை வைத்திருந்தார். 1908இல் அவர் இறந்தபின் மகன்கள் ஆவ் பூன் ஹாவும் ஆவ் பூன் பாரும் அப்பாவின் தைலத்தைப் புலி முத்திரையோடு விற்றார்கள். 1920களின் நடுவில் தொழில் சிங்கப்பூருக்கு மாறியது. ஆக, குப்பி அதற்குப் பிந்தியது. வாயில் வழங்கும் 'ரங்கூன்' அதற்கு முந்தியது. வட ஆற்காட்டுக் கிராமத்தில் அண்ணன் பங்காருப்பேட்டைக்கு ரயிலேறினால் தம்பி ரங்கூனுக்குக் கப்பலேறிய காலம் அது. ஊர் திரும்புகிறவனின் மூட்டையில் ஒரு குப்பித் தைலத்துக்கு இடமிருக்காதா? நான் தேடிய சீன வைத்தியர் தங்கவயலுக்கு வரவேண்டிய அவசியமே இருந்திருக்கவில்லை.

அவருக்குப் பதிலாகக் குப்பிக்குள் வந்த வைத்தியம் எவ்வளவு பழையது என்று பார்க்க, சோங் அரசமரபு தன் அரசாங்க மருந்துக்கடைகளுக்காகத் தொகுத்த மருந்து நூல்வரை போகவேண்டியிருந்தது. அதில் தலைவலிக்கென்று ஒரு சூரணம்: சுவான்ஷியோங் சா தியாவ் சான். எட்டுச் சரக்குகளை இடித்துப் பொடித்து, தேநீரோடு குடிக்கவேண்டும். ஒற்றைத் தலைவலிக்குச் சீன வைத்தியர்கள் இன்றும் இதைக் கொடுக்கிறார்கள். பெயர் சுவான்ஷியோங் கிழங்குக்குத்தான். எடையில் அதிகம் இருப்பதோ புதினா வகை. புலித் தைலத்தில் சுவான்ஷியோங் கிடையாது. ஆனால் புதினா எண்ணெயும் மெந்தாலும் உண்டு. கற்பூரம், கிராம்பு எண்ணெய், காஜுபுட்டி எண்ணெயும் சேரும். குடிக்கிற மருந்துக்கும் பூசுகிற மருந்துக்கும் இடையே நான் பிடிக்க முடிந்த ஒரே நூல் அந்தப் புதினா. (சூரணத்தைத் தேடிப்பிடித்துச் சாப்பிட நினைப்பவர்களுக்கு: எட்டில் ஒன்றான ஷிஷின் வேர், சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் உள்ள செடி வகையைச் சேர்ந்தது.)

நம் அமிர்தாஞ்சனும் இந்தக் கதைக்குப் பங்காளிதான். காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893இல் பம்பாயில் அதைத் தொடங்கினார். 1908இல் ஆந்திர பத்ரிகாவை ஆரம்பித்தார். ஆவ் பூன் ஹா 1929இல் சிங்கப்பூரில் சின் சியூ ஜிட் போ நாளிதழைத் தொடங்கினார். தலைவலி மருந்து விற்றவர்கள் இருவருமே பத்திரிகை முதலாளிகள் ஆனது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. விளம்பரத்துக்குக் கொட்டிய காசு அவர்களுக்கு அச்சுத்தொழிலின் கணக்கைக் கற்றுக்கொடுத்திருக்கும்.

இவ்வளவு தூரம் வந்தபிறகுதான் முதலில் கேட்டிருக்கவேண்டிய கேள்வி உறைத்தது: தங்கவயலில் தலை ஏன் அப்படி வலித்தது? சுரங்க அறிக்கைகளில் பாறை வெடிப்புக்கும் ஆள் இறக்கும் கேஜ் விபத்துக்கும் கணக்கு உண்டு. ஆள் செத்தால் பதிவு, கை போனால் பதிவு. தலைவலியோடு ஷிப்டு முடித்தவனுக்கு எந்தக் கட்டமும் இல்லை. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சுரங்கத்தின் வெக்கையும் புழுக்கமுமே ஒற்றைத் தலைவலியைக் கிளப்பப் போதும். ஆனால் வெடிவைக்கும் வேலை பார்த்த ஒரு பெரியவர் வேறொன்று சொன்னார்: டைனமைட் குச்சியை வெறுங்கையால் பிரித்துத் துளையில் திணித்த நாட்களில் நெற்றிப்பொட்டு இரண்டும் விண்விண்ணென்று தெறிக்குமாம்.

அது அவர் கற்பனை அல்ல. டைனமைட்டின் உயிர் நைட்ரோகிளிசரின். 1847இல் டூரினில் அதை உருவாக்கிய அஸ்கானியோ சொப்ரேரோ, நாக்கில் துளி வைத்ததற்கே தலை பிளந்தது என்று எழுதிவைத்தார். அது தோல் வழியாகவே உடம்பில் ஏறும். நைட்ரிக் ஆக்ஸைடாக மாறி ரத்தக்குழாய்களை விரிக்கும். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு முதல் வலி அடங்கிச் சில மணி நேரம் கழித்து அசல் ஒற்றைத் தலைவலியே வரும். இதை வைத்துத்தான் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் பரிசோதனைக்கூடத்தில் வேண்டுமென்றே அந்த வலியை வரவழைத்து ஆராய்ந்தார்கள். தங்கவயலில் அந்தப் பரிசோதனை ஷிப்டு தவறாமல் நடந்திருக்கிறது, குறிப்பெடுக்கத்தான் ஆளில்லை.

தைலம் கேட்டதா? 1996இல் ஆஸ்திரேலியாவில் வெளியான ஆய்வில் புலித் தைலம் பாராசிட்டமாலுக்கு இணையாக நின்றது. ஆனால் அங்கே சோதித்தது இறுக்கத் தலைவலியை. ஒற்றைத் தலைவலிக்கு நெருங்கிய சான்று ஈரானின் ஷிராஸ் நகரிலிருந்து, 2010இல்: நெற்றியில் பூசிய பத்து சதவீத மெந்தால் கரைசல், ஒப்பீட்டுக்கு வைத்த, பெயரளவுக்கு மட்டும் மெந்தால் கலந்த கரைசலைவிட நன்றாகவே வேலை செய்தது. இரண்டுமே சின்ன ஆய்வுகள். லைன் வீட்டுப் பெரியவர்களின் அனுபவத்தைப் பொய்யென்று தள்ள இனி எனக்கு மனம் வராது, அவ்வளவுதான்.

நைட்ரோகிளிசரின் இன்னொரு தடயமும் விட்டுவைக்கும். தினமும் தொடுகிறவனுக்கு உடம்பு பழகி வலி விட்டுப்போகும். லீவு முடிந்து திரும்பினால் மறுபடி தாக்கும். வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் அதற்குத் திங்கட்கிழமைத் தலைவலி என்றே பெயர். அப்படியானால் மருத்துவமனைப் பதிவேட்டில் திங்கட்கிழமைகளை எண்ணிப் பார்த்தால் போதுமே என்று வெடிவைத்த பெரியவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை சாராயத்தை எந்தக் கணக்கில் எழுதுவாய் என்று கேட்டார். நியாயம்தான். அதனால் கிழமையோடு தொழிலையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்: சாராயம் எல்லாரும் குடித்தது, குச்சியைத் தொட்டவர்கள் வெடிவைத்தவர்கள் மட்டும்.