மாகாணி

பதினாறில் ஒரு பாகத்தைக் குறிக்கும் ‘மாகாணி’ என்னும் சொல், இருபதில் ஒன்றாகிய ‘மா’வும் எண்பதில் ஒன்றாகிய ‘காணி’யும் சேர்ந்து அமைந்தது என்பதை அறியும்போது, ஒரு கூட்டற் கணக்கையே பெயராக வழங்கிய நம் முன்னோரின் சாமர்த்தியம் மனத்துக்கு மிகுந்த ஆனந்தத்தைத் தருகிறது. மா என்பது நான்கு காணி, அதனோடு ஒரு காணி கூட ஐந்து காணி, அதாவது 5/80, சுருக்கினால் 1/16.

ஒருவன் தன் நெல்லில் ஒரு மாவைக் கோயிலுக்கும் ஒரு காணியைக் காவற்காரனுக்கும் அளந்தான், அளந்தது மொத்தம் 5 கலம், முழு விளைவு எவ்வளவு என்று வினவினால், இக்காலத்து மாணாக்கன் அறியாத தொகைக்கு ஓர் எழுத்தை இட்டு, பின்னங்களுக்குப் பொதுப் பகுதி தேடி, சமீகரணம் எழுதி விடை காண்பான். எண்சுவடியை மனனம் செய்த திண்ணைப் பள்ளிப் பிள்ளைக்கோ, அவ்விரண்டும் சேர்ந்தது மாகாணி என்று சொல்லே உணர்த்திவிடுவதால், ஐந்தைப் பதினாறால் பெருக்கி 80 கலம் என்று கூறுவதொன்றே எஞ்சும். பின்னங்களைக் கண்டு அஞ்சும் குழந்தைகளுக்கு இச்சொல்லிலிருந்தே பாடத்தை ஆரம்பிக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

வீசம் என்பதும் இதே அளவுதான். ஆயினும் அது தன் கணக்கைத் தானே விளக்குவதில்லை.