35 சதவீதம் – ஒரு சம்பள உயர்வின் வரலாறு

சம்பள உயர்வு கேட்பது எளிது. எத்தனை சதவீதம், எந்தத் தொகையின் மீது, ஏன் என்று சொல்வதுதான் கடினம். 1918-ல் அகமதாபாத் பஞ்சாலைத் தொழிலாளர்கள் நடத்திய போராட்டம் இதற்கு நல்ல உதாரணம்.

1917-ல் அகமதாபாத்தில் பிளேக் நோய் பரவியது. தொழிலாளர்கள் ஊரை விட்டு ஓடாமல் இருக்க, ஆலை முதலாளிகள் நெசவாளர்களுக்குச் சம்பளத்தில் 70, 80 சதவீதம் வரை 'பிளேக் போனஸ்' கொடுத்தார்கள். நோய் தணிந்ததும் அதை நிறுத்த முடிவு செய்தார்கள். ஆனால் முதல் உலகப் போரால் ஏறிய விலைவாசி இறங்கவில்லை.

தொழிலாளர்கள் கேட்டது 50 சதவீதம். முதலாளிகள் தருவதாகச் சொன்னது 20 சதவீதம். தொழிலாளர் பக்கம் நின்றவர் அனசுயா சாராபாய். முதலாளிகள் பக்கம் நின்றவர் அவருடைய சொந்தத் தம்பி அம்பாலால் சாராபாய்!

காந்தி இரண்டு எண்களில் எதையும் அப்படியே ஏற்கவில்லை. பம்பாய் ஆலைகளின் கூலி, தொழிலாளர் குடும்பச் செலவு, ஆலைகளின் நிலை ஆகியவற்றை விசாரித்தார். 1917 ஜூலை சம்பளத்தின் மீது 35 சதவீதமே நியாயம் என்றார். தொழிலாளர்களும் தங்கள் கோரிக்கையைக் குறைத்துக்கொண்டார்கள்.

இங்கே ஒரு கணக்கு. ஜூலைச் சம்பளம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 70 சதவீத போனஸுடன் அது 170. காந்தி கேட்ட உயர்வுடன் 135. ஜூலையோடு ஒப்பிட்டால் இது 35 சதவீத உயர்வு. போனஸ் வாங்கிய மாதத்தோடு ஒப்பிட்டால் சுமார் 20.6 சதவீதக் குறைவு! எண் ஒன்றுதான். அடிப்படை மாறினால் உயர்வே வெட்டாகிவிடுகிறது. அதனால்தான் "ஜூலைச் சம்பளத்தின் மீது" என்ற சொற்கள் முக்கியம்.

பிப்ரவரி 22-ல் கதவடைப்பு தொடங்கியது. நாட்கள் செல்லச் செல்ல பசியால் தொழிலாளர்களின் உறுதி தளர்ந்தது. மார்ச் 15-ல் காந்தி உண்ணாவிரதம் இருந்தார். மார்ச் 18-ல் உடன்பாடு ஏற்பட்டது.

உடன்பாட்டின் கணக்கும் சுவையானது. முதல் நாள் 35 சதவீதம். தொழிலாளர் சபதம் காப்பாற்றப்பட்டது. இரண்டாம் நாள் 20 சதவீதம். முதலாளிகளின் வார்த்தையும் காப்பாற்றப்பட்டது. மூன்றாம் நாள் முதல் மத்தியஸ்தர் தீர்ப்பு வரும்வரை இரண்டின் சராசரியான 27.5 சதவீதம்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் மத்தியஸ்தர் ஆனந்தசங்கர் துருவா தீர்ப்பளித்தார். அவர் சொன்ன எண்ணும் 35-தான்.

காந்தியின் உண்ணாவிரதம் முதலாளிகளுக்கு நெருக்கடி தந்தது உண்மை. அதில் குறை இருந்ததை அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். ஆனால் மத்தியஸ்தரின் மேஜைக்குப் பட்டினி வரவில்லை. கணக்கு மட்டுமே வந்தது. அங்கும் 35 நின்றது என்றால், கேட்பதற்கு முன்பே காரணங்களைத் தேடி வைத்ததுதான் காரணம்.