கருப்பு சைக்கிளுக்கும் கியர் உண்டு

சென்னையிலும் பெங்களூரிலும் சிலர் தாத்தா காலத்துக் கருப்பு சைக்கிளைத் தேடிப் பிடித்து, பெயின்ட் அடித்து ஆபீசுக்கு ஓட்டுகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். நல்ல விஷயம். ஆனா அதை எல்லாரும் "கியர் இல்லாத சைக்கிள்"னு சொல்றாங்க. அது சரியில்லைங்க. அதுக்கும் கியர் உண்டு. ஒண்ணே ஒண்ணுதான். அந்த ஒண்ணு எவ்வளவு இருக்கணும்ங்கிறதுல ஒரு வரலாறே இருக்கு.

செயின் வர்றதுக்கு முன்னாடி சைக்கிளோட முன்சக்கரத்திலேயே பெடல் இருந்தது. ஒரு மிதி மிதிச்சா சக்கரம் ஒரு சுற்று. வேகம் வேணும்னா சக்கரத்தைப் பெருசாக்கணும், அவ்வளவுதான் வழி. அதனாலதான் அந்தக் காலத்து இங்கிலாந்துப் படங்களில் ஆள் உயரச் சக்கரத்து மேல மனுஷன் உட்கார்ந்திருப்பான். 1885-ல் கவன்ட்ரி ஊரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் ரோவர் சைக்கிளைக் கொண்டுவந்தார். இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு, பின்சக்கரத்துக்குச் செயின். இன்றைக்கு நாம் ஓட்டுவது அதோட வாரிசுதான்.

நம்ம ஊருக்கு முதலில் வந்ததெல்லாம் ஹெர்குலிஸ், ராலே, பி.எஸ்.ஏ. என்று இங்கிலாந்துச் சரக்கு. சுதந்திரத்துக்குப் பிறகு இங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள். 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கி, அம்பத்தூரில் ஹெர்குலிஸ் உருவானது. 1951-ல் சோனிபட்டில் அட்லஸ், 1956-ல் லூதியானாவில் ஹீரோ. நாட்டிங்காமில் 1902-லேயே பின்சக்கரத்துக் குடத்துக்குள் மூணு கியர் வைக்கிற ஸ்டர்மி ஆர்ச்சர் வந்துவிட்டது. எங்க பக்கம் அதை நான் பார்த்ததில்லை. விலையும் கூட, உள்ளே ஏதாவது உடைஞ்சா கிராமத்துக் கடையில பிரிச்சு மாட்ட முடியாது. நமக்கு வந்து சேர்ந்தது ஒத்தை கியர்.

கணக்கைப் பாருங்க. பள்ளிக்கூடத்துல படிச்சதே போதும். சக்கரம் 28 இன்ச். அதை 22/7-ஆல் பெருக்கினா சுற்றளவு 88 இன்ச். எங்க பக்கம் ஓடின வண்டிகளில் பெரும்பாலும் முன்னால் 44 பல், பின்னால் பிரீவீலில் 18 பல். 44-ஐ 18-ஆல் வகுத்து 88-ஆல் பெருக்கினா 215 இன்ச். அதாவது பெடல் ஒரு சுற்று சுற்றினா வண்டி கிட்டத்தட்ட 18 அடி போகும். பழைய பெருஞ்சக்கர சைக்கிளில் இதே தூரம் போகணும்னா சக்கரம் 68 இன்ச் உயரம் இருக்கணும். எவன் காலும் எட்டாது!

சும்மா போற ஆளுக்கு இந்த 18 பல் சரி. ஆனா பெண்ணாடத்துலேர்ந்து மேற்கே திட்டக்குடிக்கு ஆடி மாசத்துல மிதிச்சவங்களைக் கேளுங்க. எதிர்காத்து நெஞ்சுல கை வச்சுத் தள்ளும். கேரியர்ல 75 கிலோ நெல் மூட்டையும் இருந்தா, ரோடு மட்டமா இருந்தாலும் மலை ஏறுற மாதிரிதான். அதுக்குத்தான் சைக்கிள் கடையில பிரீவீலை மாத்துவாங்க. முன்பல்லை மாத்தணும்னா காட்டர் பின் தட்டி கிராங்கையே கழட்டணும், செலவும் அதிகம். பின்னாடி மறையில இருக்கிற பிரீவீலைத் திருகிக் கழட்டினா முடிஞ்சது. புது பிரீவீல் போடணும்னு போனா கடைக்காரர் கேக்கிற முதல் கேள்வி, "சுமை ஏத்துவியா?"

20 பல் போட்டா ஒரு சுற்றுக்கு 16 அடி. மிதிக்கிற பலத்தில் பத்தில் ஒரு பங்கு மிச்சம். 22 போட்டா 14 அடி 8 இன்ச், கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். பால் கேன் கட்டுறவர், மூட்டை ஏத்துறவர், ஐஸ் பெட்டிக்காரர் எல்லாம் இந்தப் பக்கம். வேகமா போகணும்னு நினைக்கிற இளவட்டங்க 16 பல் போடுவாங்க. 20 அடி பறக்கும். ஆனா நின்னு கிளம்பும்போது முட்டி சொல்லும்.

ஒரு குடும்பத்துக்கு ஒரே சைக்கிள்தான். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதை பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். அவர்களில் பலர் ஓட்டியது ஆண்கள் சைக்கிள்தான். முன்னால் உள்ள பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே! தண்ணிக் குடமும் அதே வண்டியில்தான். இத்தனைக்கும் பொறுப்பு அந்த ஒரு கியருக்கு.

1980-ல் டி.வி.எஸ். 50 வந்தது. மெல்ல மெல்ல மூட்டையும் கேனும் அதுக்கு மாறின. சைக்கிளில் சுமை போனதும், கடையில் அந்தக் கேள்வியும் போச்சு.

நகரத்து நண்பர்களுக்கு என் யோசனை: பழைய வண்டியை ஆபீசுக்கு ஓட்டப் போறீங்கன்னா 20 பல் போடுங்க. நிமிஷத்துக்கு 60 சுற்று மிதிச்சா மணிக்குப் பதினேழரை கிலோமீட்டருக்கு மேல போகும். 18 பல்லை விட 10 கிலோமீட்டருக்கு மூன்றரை நிமிஷம்தான் கூட ஆகும். சிக்னலுக்குச் சிக்னல் நின்னு கிளம்பவும், பாலம் ஏறவும் அதுதான் சுகம். செயின் பத்தலைன்னா கண்ணி சேர்க்கச் சொல்லுங்க.

ஆனா பழைய பிரீவீலைக் கழட்டிக் குப்பையில போடறதுக்கு முன்னாடி அதோட பல்லை ஒரு தடவை எண்ணிப் பாருங்க. 18 இருந்தா உங்க தாத்தா அனேகமா கணக்குப்பிள்ளையோ வாத்தியாரோ. 22 இருந்தா, அந்த மனுஷன் எதையோ சுமந்துதான் உங்க குடும்பத்தைக் கரை சேர்த்திருக்கார். என்ன சுமந்தார்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட கேளுங்க.